யென்ஸ் ஃபோக்ட் ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும் இணையத்தில் அவருக்கு ஏன் இவ்வளவு மவுசு?

வெற்றிக் கணக்கை மட்டும் பார்த்தால் இந்தக் கேள்வி நியாயமானதுதான். ஜெர்மனிக்காரர், பிரான்ஸில் மூன்று வாரம் நடக்கும் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸை 17 தடவை ஓடியவர். அதில் தனியாளாக வென்ற நாட்கள் இரண்டே இரண்டு, 2001இலும் 2006இலும். மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவர் போடும் மஞ்சள் சட்டை கொஞ்ச நாள் உடம்பில் இருந்தது, பாரிஸ் வரை வரவில்லை. பெரும்பாலும் அணித்தலைவர் பின்னால் சிரமமில்லாமல் வர, முன்னால் ஓடி எதிர்காற்றைத் தன்மேல் வாங்கிய மனிதர்.

திருகோணமலையில் சைக்கிள் ஓடுபவனாகச் சொல்கிறேன், அந்தக் காற்றுத்தான் விஷயமே. ஆனி, ஆடியில் கச்சான் காற்று எழும்பினால் நிலாவெளியிலிருந்து உப்புவெளிக்குத் திரும்பி வருவது பெரும்பாடு. மணல் பல்லில் கடிபடும், தொடை எரியும், எந்தக் கியருக்கு மாற்றினாலும் சைக்கிள் நகராது. "இறங்கி ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போவம்" என்று கால் கெஞ்சும். அப்போது பின்னாலிருந்து யாராவது, "டேய் கால்களா, வாயைப் பொத்திக்கொண்டு சொன்னதைச் செய்யுங்கடா!" என்று கத்துவான். யென்ஸ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் "Shut up, legs!" என்று சொன்னதை எங்கள் பொடியன்கள் இப்படி ஆக்கிவிட்டார்கள். டீசேர்ட்டிலும் மீமிலும் உலகம் முழுக்கச் சுற்றுவது அந்த ஆங்கில வசனம்தான்.

அவரை வலியே தெரியாத இரும்பு மனிதராகக் காட்டும் பகிடிகளும் நிறைய உண்டு. எனக்கு அவை பிடிப்பதில்லை. வலிக்காதவருக்குக் காலோடு என்ன சண்டை? தனக்கு வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னதால்தான் அவர் எங்களுக்கு நெருக்கமானார்.

2010 டூரில் பெய்ரசூர்த் மலை இறக்கத்தில் முன் டயர் வெடித்து விழுந்தார். உடம்பெல்லாம் காயம், சைக்கிள் உடைந்துவிட்டது, அணிக் கார்களும் முன்னே போய்விட்டன. பின்னால் வந்த வாகனத்தில் ஏறினால் அன்றோடு டூர் முடிந்தது. அவர் ஏறவில்லை. சிறுவர்களுக்கான ஒரு மஞ்சள் சைக்கிள் கிடைத்தது. பெடலில் பாதத்தைக் கட்டும் பழைய காலத்து வார், முழங்கால் ஹேண்டிலில் இடிக்கிற அளவுக்குச் சின்னது. மாற்றுச் சைக்கிள் கிடைக்கும் வரை அதையே மிதித்து, நேர எல்லைக்குள் வந்து சேர்ந்தார். இப்படி ஒரு கதையை யார்தான் ஷேர் பண்ணாமல் இருப்பார்கள்?

அப்புறம் 2014 செப்டெம்பர் 18. 43 வயது நிறைந்த மறுநாள், சுவிட்சர்லாந்தின் கிரென்ஷென் உள்ளரங்கில் ஒரு மணி நேரத்தில் 51.110 கிலோமீட்டர் ஓடி உலக சாதனை வைத்தார். ஆறு வாரத்தில் மத்தியாஸ் பிரேண்ட்லே அதை முறியடித்தார், சரி. ஆனால் நவீன சைக்கிளைப் பாவிக்கலாம் என்று விதிகள் தளர்ந்த பிறகு முதல் ஆளாகத் துணிந்து இறங்கி, தூங்கிக் கிடந்த அந்தச் சாதனைக்கு உயிர் கொடுத்தவர் யென்ஸ்தான்.

இவ்வளவு பேசப்படாத, எனக்கு மிகப் பிடித்த சம்பவம் ஒன்று இருக்கிறது. இத்தாலியின் பெரிய சைக்கிள் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவில், 2006இல், சான் பெல்லெக்ரினோ கணவாய் ஏற்றம். கடைசியில் யென்ஸும் ஸ்பெயினின் காரத்தேயும் மட்டும் முன்னால். யென்ஸின் அணித்தலைவர் பாஸோ பின்னால் வந்துகொண்டிருந்ததால், அன்று அவர் முன்னால் போய் இழுக்காமல் மற்றவர்களின் பின்னாலேயே வந்திருந்தார். உழைக்காமல் வெல்வது முறையில்லை என்று காரத்தேயின் முதுகில் தட்டி, போட்டி போடாமல் அவரை முதலில் போகவிட்டார். மீம் பார்த்து அவரைத் தெரிந்துகொண்டவர்கள் இந்த வீடியோவையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.