'அரண்மனை வம்சம்' என்ற சர்டிஃபிகேட்டுக்கு 12,000 ரூபாய் தரலாமா?

கேள்வி: பெக்கிங்கீஸ் நாய்க்குட்டியை 40 நாளில் வாங்கினோம். இப்போது மூன்று மாதம். பெயர் லட்டு, வீட்டில் எல்லோருக்கும் செல்லம். "இது சீன அரண்மனை வம்சம், ஸ்லீவ் வகை" என்று சொல்லி, வம்சாவளி சர்டிஃபிகேட்டுக்குத் தனியாக 12,000 கேட்கிறார் புரோக்கர். தூக்கத்தில் பலமாகக் குறட்டை விடுகிறது. அது ராஜ ஜாதியின் அடையாளமாம். பணம் தரலாமா? (வாசகர், மதுரை)

பதில்: தராதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அவர் கதையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் விலைபோகிறது. 1860-இல், இரண்டாம் அபினிப் போரில், பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கின் கோடைக்கால அரண்மனையைச் சூறையாடியபோது ஐந்து பெக்கிங்கீஸ் நாய்கள் கிடைத்தன. ஒன்று விக்டோரியா மகாராணிக்குப் போனது. அதற்கு 'லூட்டி' என்று பெயர் வைத்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் அடிக்கும் லூட்டி இல்லை, ஆங்கில 'லூட்', கொள்ளையடித்தது என்று அர்த்தம், மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. சீனாவுக்கு வெளியே இந்த இனம் பெருகியது, அப்போதும் அதன் பிறகும் வெளியேறிய கொஞ்சம் நாய்களிலிருந்துதான். எந்தக் குட்டிக்கும் சொல்லக்கூடிய பெருமைக்கு உங்களிடம் மட்டும் எதற்கு 12,000?

'ஸ்லீவ்' என்பது வம்சமே இல்லை, அளவு. அகலமான அங்கிக் கைக்குள் வைத்துத் தூக்கிப் போகிற அளவுக்குச் சிறியது, வளர்ந்த பிறகும் மூன்று கிலோவைத் தொடாதது. மூன்று மாதக் குட்டியைப் பார்த்து அதை யாரும் சொல்ல முடியாது. தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்ததால் வளராமல் நிற்கிற குட்டியையும் இந்தப் பெயரில் தள்ளிவிடுகிறார்கள். 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிப்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. இனவிருத்தி செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள், போனை வைத்துவிடுவார். விதி போட்டவர்கள் யாரும் ஒரு நாள் சந்தைப் பக்கம் வந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

நிஜச் சான்றிதழ் என்பது, நாய் இனங்களைப் பதிவு செய்யும், சென்னையில் தலைமையகம் உள்ள கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் தாய், தகப்பன் இரண்டும் பதிவாகி, குட்டிகளையும் வளர்த்தவரே பதிவு செய்து, மைக்ரோசிப் (நாயின் தோலுக்கடியில் வைக்கும் சிறு அடையாளச் சில்லு) எண்ணோடு வருவது. ஒரு விதிவிலக்கு உண்டு, புரோக்கர்கள் நுழைவது அந்த வழியாகத்தான். பெற்றோர் விவரம் தெரியாத நாயையும் நாய்க் கண்காட்சி நடுவர் நேரில் பார்த்து, 'இந்த இனம்தான்' என்று ஒப்புக்கொண்டால் பதிவு செய்யலாம். அது நேர்மையான வழிதான். ஆனால் அந்தத் தாள் நாயின் இனத்தை மட்டுமே சொல்லும், பாட்டன் பூட்டனைச் சொல்லாது. பெற்றோர் பெயர் இல்லாத தாளை நீட்டி 'அரண்மனை' என்றால், அது எழுதியவரின் கற்பனை.

சரி, குறட்டை. முகம் தட்டையாக இருப்பதால் கொஞ்சம் வரும். அதை ராஜ லட்சணம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். 1860-களில் எடுத்த லூட்டியின் புகைப்படத்தில் மூக்கு நன்றாகவே முன்னே நிற்கிறது. முகத்தை இந்த அளவு நசுக்கியது அரண்மனை அல்ல, பின்னால் வந்த நாய்க் கண்காட்சி மோகம். இங்கிலாந்து கென்னல் கிளப்பே சுமார் 2008-இல், மூக்குப் பகுதி வெளியே தெரிய வேண்டும் என்று இன வரையறையைத் திருத்தியது. லட்டு விழித்திருக்கும்போதும் மூச்சு கர்கர் என்றால், சாப்பிடும்போது திணறினால், மூக்குத் துவாரம் கீறல் போல ஒடுங்கியிருந்தால், டாக்டரிடம் காட்டுங்கள். துவாரத்தைச் சிறு அறுவையில் அகலப்படுத்தலாம். நாக்கு நீலமாகிவிட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

மதுரை வெயிலில் பத்து மணிக்கு மேல் வாக்கிங் வேண்டாம். பிடரியைப் பிடித்துத் தூக்கவும் வேண்டாம்; இந்த இனத்துக்கு அப்படி இழுத்தாலே கண்முழி வெளியே வந்துவிடலாம். கழுத்துப்பட்டையை எடுத்துவிட்டு, மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் போடுங்கள். டாக்டரிடம் போகும்போது சிப் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். எண் வந்தால் குறித்துக்கொண்டு, புரோக்கர் காட்டும் தாளில் உள்ள எண்ணோடு ஒத்துப்பாருங்கள்.