ரெக்கார்டு எழுதும் பெண்

அன்புள்ள அம்மா,

கோவைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் பாடம் எடுக்கிறேன். இரண்டாமாண்டில் அறுபத்திரண்டு பேர், பெண்கள் நான்கே பேர். ஒருத்தி கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறுகிறேன் என்று வந்து நிற்கிறாள். மதிப்பெண்ணில் குறையில்லை. காரணம் கேட்டால் "ஒண்ணுமில்ல சார்" என்கிறாள். எங்கள் துறையில் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. ஐஐடிகளைப்போல பெண்களுக்கென்று தனி இடம் ஒதுக்கினால் சரியாகுமா?

ரா.

அன்புள்ள ரா.,

அந்த "ஒண்ணுமில்ல சார்" நானும் சொன்னதுதான். 1980களின் கடைசியில் நான் படித்ததும் மெக்கானிக்கல். ஒர்க்‌ஷாப்புக்குப் பதிவெண் வரிசையில் பேட்ச் பிரிப்பார்கள். பெண்கள் மூன்று பேர். மூவரும் வெவ்வேறு பேட்ச். "உன் கையெழுத்து நல்லாருக்கு, நீ ரெக்கார்டு எழுது, லேத்தை நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள் பையன்கள். லேத் என்பது இரும்பைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்; ரெக்கார்டு, செய்முறையை எழுதிவைக்கும் நோட்டு. அன்பாகத்தான் சொன்னார்கள். செமஸ்டர் முழுக்க அளவு குறித்தே கழிந்தது. செய்முறைத் தேர்வில் லேத்தின் பிடியில் (சக்) கடைய வேண்டிய துண்டை மாட்டச் சொன்னபோது கை நடுங்கியது. இந்தப் படிப்பு நமக்கில்லை என்று அன்றைக்கு முடிவே செய்துவிட்டேன். ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் ஒருவர் அடுத்த சனிக்கிழமை எங்கள் மூவரையும் வரச்சொல்லி, ஆளுக்கொரு லேத்தைக் கொடுத்தார். அதனால்தான் தங்கினேன்.

உங்கள் நால்வரும் எந்தெந்த பேட்சில் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். இருவர் இருவராகச் சேருங்கள். ரெக்கார்டும் லேத்தும் எல்லோருக்கும் முறைவைத்து வரட்டும். ஒர்க்‌ஷாப்பிலேயே பெண்களுக்குக் கழிப்பறை உண்டா? எங்களுக்கு இல்லை. ஒர்க்‌ஷாப் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டோம்.

கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940இல் மின்பொறியியல் சேர்ந்த அ. லலிதா, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர்; பதினெட்டு வயதில் கணவரை இழந்து கைக்குழந்தையோடு இருந்தவர். அங்கேயே பேராசிரியராக இருந்த அப்பா சுப்பாராவ், முதல்வர் சாக்கோவிடம் பேசி அனுமதி வாங்கினார். பிறகு சிவில் பிரிவுக்கு லீலாம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் வந்தார்கள். லலிதாவின் சான்றிதழில் அச்சாகியிருந்த 'அவன்' என்பதை அடித்து 'அவள்' என்று கையால் திருத்திக் கொடுத்தார்களாம். திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். அந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது, லலிதா தனியாளாகவே படித்து முடிக்க வேண்டியிருக்கவில்லை என்பதுதான்.

ஐஐடிகள் 2018இல் செய்ததை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். பையன்களின் இடத்தில் கைவைக்காமல், கூடுதல் இடங்களை உண்டாக்கிப் பெண்களின் பங்கை முதலில் 14 சதவீதம், 2020இல் 20 சதவீதம் என்று ஏற்றினார்கள். ஆனால் உங்களிடம் இடம் காலியாகக் கிடக்கிறதே! உங்களுக்கு வேண்டியது, அங்கே படித்தால் நன்றாக இருக்கும் என்று சொல்ல ஒருத்தி. அந்த நால்வரையும் அவரவர் படித்த பள்ளிக்கு அனுப்பி, பிளஸ் டூ பிள்ளைகளோடும் அவர்களின் அம்மாக்களோடும் பேசச் சொல்லுங்கள். தொழில்நுட்பம் படிக்கும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தரும் ஏஐசிடிஇயின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) பிரகதி உதவித்தொகையைப் பற்றியும் சொல்லட்டும்; பல வீடுகளில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மாற வேண்டும் என்று நிற்பவளைத் தடுக்காதீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு சனிக்கிழமை நால்வரையும் ஒர்க்‌ஷாப்புக்கு வரச்சொல்லுங்கள். ரெக்கார்டு நோட்டு வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.