கடனை வெட்டி விற்கும் ஐரோப்பிய வங்கிகள்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: கொடுத்த கடன்களைச் சேர்த்துப் பத்திரமாக்கி முதலீட்டாளர்களிடம் விற்றால் வட்டியும் போய்விடுமே, வங்கிக்கு என்ன லாபம்?

வட்டியில் ஒரு பங்கு போகும்தான், ஆனால் நஷ்டத்தைத் தாங்க வங்கி ஒதுக்கிவைக்கும் சொந்தப் பணம், அதாவது மூலதனம், விடுபடும். 100 கோடி யூரோ கம்பெனிக் கடன், ரிஸ்க் வெயிட் (ரிஸ்கைப் பொறுத்து கடனில் எத்தனை சதவீதத்தைக் கணக்கில் எடுப்பது என்ற அளவு) 100% என்றால் பேசல் என்ற சர்வதேச வங்கி விதிப்படி குறைந்தபட்சம் அதில் 8%, அதாவது 8 கோடி மூலதனம் ஒதுக்க வேண்டும். இப்போது அதை அடுக்குகளாக வெட்டி, நஷ்டம் வந்தால் முதலில் அடிபடும் அடி 10 கோடியின் ரிஸ்கை வெளியே தள்ளிவிட்டு மேல் 90 கோடியை வங்கியே வைத்துக்கொண்டால், அந்த மேலடுக்கின் ரிஸ்க் வெயிட் 15% வரை இறங்கலாம். கணக்குப் போட்டால் 1.08 கோடி போதும். கிட்டத்தட்ட 7 கோடி மிச்சம். ஆனால் அடியடுக்கை யாரும் சும்மா வாங்க மாட்டார்கள், அவர்களுக்குக் கொடுக்கும் விலை அந்த 7 கோடியைப் பங்கு விற்றுத் திரட்டும் செலவைவிடக் குறைவாக இருந்தால்தான் இது கட்டுபடியாகும்.

கேள்வி: 2008இல் வெடித்தது இதுதானே சார்?

வெடித்தது அமெரிக்க வீட்டுக் கடன். அதை வாங்கிக் குவித்த ஜெர்மனியின் ஐகேபி வங்கியை 2007இலேயே கைதூக்கிவிட வேண்டியதாயிற்று. ஐரோப்பியக் கடன்களை வைத்துச் செய்த பத்திரங்களில் நஷ்டம் அதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, ஆனால் கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் சேர்த்தே வந்தது. 2011 முதல், கடனைப் பத்திரமாக்கி விற்பவர் 5% ரிஸ்கைத் தன் கையிலேயே வைத்திருக்க வேண்டும் (மேலே போட்ட கணக்கில் இதைச் சேர்க்கவில்லை). எளிமை, வெளிப்படை, ஒரே தரம் என்ற முத்திரை பெற்றவற்றுக்கு 2019 முதல் சலுகை, அவற்றின் மேலடுக்குக்கு ரிஸ்க் வெயிட் 10% வரை இறங்கலாம்.

கேள்வி: சின்தெட்டிக் என்கிறார்களே, அது?

கடன் வங்கிப் புத்தகத்திலேயே இருக்கும், நஷ்டத்தை ஏற்கும் பொறுப்பை மட்டும் விற்பது. காப்பீடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், வாங்குபவர் பெரும்பாலும் பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுவார். நெதர்லாந்தின் பிஜிஜிஎம் போன்ற ஓய்வூதியப் பண நிர்வாகிகள் இதில் பழைய கை. 2021இல் இதற்கும் அந்த முத்திரை கிடைத்தது.

கேள்வி: 2025இல் வந்த அவுட்புட் ஃப்ளோருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. சொந்த மாடல் வைத்து ரிஸ்கைக் கணக்கிடும் வங்கி, பொதுவிதிப்படி வரும் தொகையில் இவ்வளவுக்குக் கீழே போகக்கூடாது என்பதுதான் அது; 2025இல் 50%, படிப்படியாக 2030இல் 72.5%. சிக்கல் என்னவென்றால், வெட்டிய அடுக்குகளுக்கான பொதுவிதிச் சூத்திரத்தில் மூலதனத்தைக் கூட்டும் 'பி' என்று ஒரு எண் உண்டு, முத்திரை இல்லாதவற்றுக்கு அது 1. அதன்படி எல்லா அடுக்குகளின் மூலதனத்தையும் கூட்டினால் வெட்டாத கடனுக்கு ஆவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வரும். தேங்காயை உடைத்ததும் எடை கூடிவிட்டது என்பது போல! வங்கிகள் கூச்சல் போட்டதில், ஃப்ளோர் கணக்குக்கு மட்டும் 2032 முடியும் வரை 'பி'யைப் பாதியாக்கியிருக்கிறார்கள்.

கேள்வி: அப்போ தளர்த்துவது சரியா?

2025 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் வைத்த முன்மொழிவில், முத்திரை இல்லாத மேலடுக்கு எல்லாவற்றுக்கும் ரிஸ்க் வெயிட் 15%க்குக் கீழே போகாது என்ற ஒரே தரையை உள்ளே இருக்கும் கடனின் ரிஸ்கைப் பொறுத்து மாற்றும் யோசனை இருக்கிறது. அது நியாயம் என்றே படுகிறது, நல்ல வீட்டுக் கடனுக்கும் ஆட்டங்காணும் கம்பெனிக் கடனுக்கும் ஒரே தரை எதற்கு? என் பயம் வேறு. அடியடுக்கை வாங்கும் ஃபண்ட் அந்தப் பணத்தையே இன்னொரு வங்கியிடம் கடனாக வாங்கியிருந்தால், வாசல் வழியாக அனுப்பிய ரிஸ்க் கொல்லைப்புறமாக வங்கித்துறைக்குள் திரும்பி வந்துவிடும். 'பி' எண்ணை இன்னும் குறைப்பதற்கு முன்னால் அதை யார் கண்காணிக்கிறார்கள் என்றுதான் கேட்பேன்.