முள் நடுவில் நிற்கிறது, ஆயில் கொதிக்கிறதே?

கேள்வி: இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் என் டர்போ காரை ஓட்டினேன். நான்காவது லேப்பில் ஆயில் 128 டிகிரி காட்டியது, ஆனால் டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நின்றது. எதை நம்புவது?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: ஆயில் மீட்டரைத்தான். அந்த முள் காட்டுவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டை, அதுவும் பல கார்களில் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருப்பார்கள். நல்ல சிந்தெடிக் ஆயிலுக்கு 128 பயப்படும் அளவில்லை. ஆனால் 130-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஆயில் நீர்த்துப்போய் பேரிங்குகளுக்கும் அவற்றில் சுழலும் தண்டுக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம் மெலிந்துவிடும், அப்புறம் தேய்மானம்தான். அந்த நேரத்தில் மேல் கியருக்கு மாற்றி, ஆர்பிஎம்மைக் குறைத்து ஒரு லேப் மெதுவாகச் சுற்றுங்கள். டிராக் ஓரத்தில் காரை நிறுத்தும் பிட்டுக்குள் வந்ததும் சட்டென்று எஞ்சினை அணைக்காதீர்கள், டர்போ அனலாய்க் கொதித்துக்கொண்டிருக்கும். ஆயில் கூலர் வாங்க ஓடுவதற்கு முன்னால் ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள், அளவு குறைந்திருந்தாலே சீக்கிரம் சூடேறும் (பாதிப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை). சரி, கூலர்தான் போடுவதென்றால் ஆயில் சூடான பிறகே அதைக் கூலருக்குள் விடும் தெர்மோஸ்டாட் உள்ளதாகப் போடுங்கள், இல்லையென்றால் காலையில் ஆயில் 80 டிகிரியைத் தொடுவதற்கே நேரமாகும், அதற்குள் விரட்டினால் அதுவும் எஞ்சினுக்குக் கெடுதி.