வௌவால் குகைக்குக் குழந்தையோடு போகலாமா?

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பள்ளி விடுமுறைக்குப் பிலிப்பைன்ஸில் டவாவ் போகிறோம். பக்கத்தில் சமால் தீவில் லட்சக்கணக்கான பழந்தின்னி வௌவால்கள் உள்ள குகை இருக்கிறதாம். ஏழு வயது மகள் பார்த்தே ஆக வேண்டும் என்கிறாள். நிபா வந்துவிடும் என்று கணவர் தடுக்கிறார். கூட வரும் மாமியாருக்கு வீசிங் உண்டு. என்ன செய்யலாம்?"

தாராளமாகப் போகலாம். மாமியார் விஷயத்தில் மட்டும் யோசிக்க வேண்டும். அதற்குக் காரணம் நிபா இல்லை, நாற்றம்.

நீங்கள் சொல்லும் இடம் மான்ஃபோர்ட் வௌவால் சரணாலயம். தனியார் நிலம். ஜெஃப்ராய் ரூசெட் என்ற பழந்தின்னி வௌவாலின் உலகிலேயே பெரிய கூட்டம் என்று 2010-ல் கின்னஸ் சான்று கிடைத்தது; அப்போதைய கணக்கு சுமார் 18 லட்சம். டார்ச் அடித்துக்கொண்டு குகைக்குள் நுழைய வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தால், இங்கே அது கிடையாது. குகைக்கு ஐந்து வாய்கள். வழிகாட்டி ஒவ்வொன்றாக அழைத்துப் போவார். வேலிக்கு இந்தப் பக்கம் திறந்த வெளியில் நின்று கீழே பார்க்க வேண்டியதுதான். உங்கள் கணவரின் பயத்துக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதிக்கு வருவோம். நிபா வைரஸை முக்கியமாகச் சுமப்பது ரூசெட் அல்ல, அதைவிடப் பல மடங்கு பெரிய 'பறக்கும் நரி' வகை வௌவால்கள். மலேசியாவில் 1998-99-ல் அது பன்றிகள் வழியாக மனிதருக்கு வந்தது. வங்கதேசத்தில் வௌவால் வாய் வைத்த, காய்ச்சாத பேரீச்ச மரச் சாறு வழியாக வருகிறது. டவாவ் இருக்கும் அதே மிண்டனாவ் தீவிலும் 2014-ல் நிபா போன்ற நோய் பரவியது உண்மை. நோய்ப்பட்ட குதிரைகளை அறுத்தவர்கள், அந்த இறைச்சியைத் தின்றவர்களிடம்தான் அது தொடங்கியது. வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் இந்தக் கதைகள் எதிலும் இல்லை.

கணவர் இணையத்தில் தேடினால் இன்னொரு செய்தியும் கண்ணில் படும், நானே சொல்லிவிடுகிறேன். 2008-ல் உகாண்டாவில் பைதான் குகைக்குப் போய் வந்த நெதர்லாந்துப் பெண் ஒருவர் மார்பர்க் என்ற கொடிய வைரஸ் காய்ச்சலில் இறந்தார். அந்தக் குகையில் இருந்தது எகிப்திய ரூசெட், சமால் வௌவாலுக்குச் சொந்தக்கார இனம். ஆனால் அவர் குகைக்குள்ளேயே போனவர். மார்பர்க் வைரஸின் மூலமும் ஆப்பிரிக்காதான். பழந்தின்னி வௌவால் இருக்கும் எந்தக் குகைக்குள்ளும், யார் கூப்பிட்டாலும், குழந்தையோடு நுழையாதீர்கள் என்பதற்கு இது நல்ல காரணம். சமாலுக்குப் போகாமல் இருக்க இது காரணம் ஆகாது.

நான் உண்மையில் கவலைப்படுவது கடிக்கும் கீறலுக்கும்தான். பிலிப்பைன்ஸ் வௌவால்களின் ரத்தத்தில், ரேபிஸுக்கு நெருங்கிய லிஸ்ஸா வகை வைரஸுக்கான எதிர்ப்புப் பொருள் இருப்பது பல வருடங்களுக்கு முன்பே தெரியவந்தது. வேலி ஓரத்தில் ஒரு குட்டி விழுந்து கிடக்கும். பார்க்கப் பாவமாக, நாய்க்குட்டி முகத்தோடு இருக்கும். மகள் கை நீட்டத்தான் செய்வாள். தொடக்கூடாது என்று படகிலேயே சொல்லி வையுங்கள். மீறி நகம் பட்டுவிட்டால், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். விலங்குக் கடிக்குத் தனி சிகிச்சை மையங்களே பிலிப்பைன்ஸில் இருக்கின்றன. 'சின்னக் கீறல்தானே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று மட்டும் விடாதீர்கள்.

சரி, மாமியார். வௌவால் கழிவிலிருந்து அம்மோனியா கிளம்பும். கண்ணும் மூக்கும் எரியும். என்95 மாஸ்க் தூசியைத் தடுக்கும், அம்மோனியாவைத் தடுக்காது. பலர் மாஸ்க்கை நம்பிப் போய் ஏமாறுகிறார்கள். வீசிங் கட்டுக்குள் இருந்தால் இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் வாய் வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பட்டும். அண்மையில் இழுப்பு அதிகமாக இருந்தால் நுழைவாயில் பக்கமே உட்காரட்டும். காய்ந்த எச்சத் தூசியில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை இருக்கலாம். திறந்த வெளியில் ஆபத்து குறைவுதான் என்றாலும், தொடர்ந்து ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர் என்றால் மாமியார் அங்கே போகவே வேண்டாம். திரும்பிய 3 முதல் 17 நாளுக்குள் யாருக்காவது காய்ச்சலும் இருமலும் வந்தால், வௌவால் குகைக்குப் போனதை டாக்டரிடம் சொல்லுங்கள். அவராக அதைக் கேட்க வாய்ப்பில்லை.

மற்றவை எளிது. தொப்பி, மூடிய ஷூ. அண்ணாந்து பார்க்கும்போது வாயைத் திறக்காதீர்கள், ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. அங்கே நின்று எதுவும் தின்ன வேண்டாம். வெளியே வந்ததும் கை கழுவுங்கள்.

மகளுக்கு என்ன காட்டலாம்? பகலில் இவை தூங்கிக் கிடக்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. இடத்துக்குச் சண்டை, சிறகு விரிப்பு, ஓயாத கீச்சொலி. ஏதாவது ஒரு வௌவாலை மட்டும் கொஞ்ச நேரம் விடாமல் கவனிக்கச் சொல்லுங்கள். கழிவு வெளியேற்றும் நேரம் வந்ததும் அது கட்டைவிரல் நகங்களால் பாறையைப் பற்றி, தலை மேலே வரும்படி திரும்பிக்கொள்ளும். வேலை முடிந்ததும் மறுபடி தலைகீழ். குழந்தைகள் இதை மறக்கவே மாட்டார்கள். அப்புறம் தாய் வயிற்றில் ஒட்டியிருக்கும் குட்டியைத் தேடச் சொல்லுங்கள். ஒரு பிரசவத்துக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. யாராவது கத்தினாலோ ஃபிளாஷ் அடித்தாலோ கூட்டம் மிரண்டு கிளம்பும். அந்தக் களேபரத்தில் பிடி நழுவிய குட்டி கீழே விழும். கீழே எலியும் உடும்பும் காத்திருக்கும். அதனால் போனில் ஃபிளாஷை அணைத்துவிட்டே உள்ளே போங்கள். வழிகாட்டி 'உஷ்' என்றால் பெரியவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். குழந்தைகளைவிட அவர்கள்தான் அதிகம் சத்தம் போடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

டவாவில் டுரியான் தின்னாமல் வரமாட்டீர்கள். டுரியான் பூ மாலையில் விரிந்து விடிவதற்குள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். இரவில் தேன் குடிக்க வரும் வௌவால்கள்தான் அதன் முக்கியமான மகரந்தத் தூதர்கள். பழத்துக்குப் பயப்படத் தேவையில்லை, முள் தோல் முழுசாக இருந்தால் போதும். மரத்தடியில் கிடக்கும், கடிபட்ட எந்தப் பழத்தையும் எடுக்காதீர்கள்.

டவாவின் சாசா படகுத்துறையிலிருந்து சமால் தீவின் பாபாக் பக்கம் பார்ஜ் போகும், காரையும் ஏற்றிக்கொள்வார்கள். கடலில் இருப்பது கால் மணி நேரம்தான், ஆனால் சனி, ஞாயிறில் வண்டி வரிசை நீளும். அந்தி வேளையில் வௌவால்கள் கூட்டமாகக் கிளம்புவதைப் பார்க்க ஆசை என்றால், அந்த நேரத்தில் அனுமதி உண்டா என்று சரணாலயத்தில் முன்கூட்டியே கேளுங்கள்; திரும்பும் பார்ஜ் நேரத்தையும் அதோடு விசாரித்துக்கொள்ளுங்கள்.