குடியிருக்க ஒரு பாய்மரப் படகு: முதல் படகு வாங்குகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பத்து வருடமாக 31 அடிப் பாய்மரப் படகு ஒன்றில் குடியிருக்கிறேன். இதற்கு முன்னால் வாங்கிய படகில் ஒரு மழைக்காலத்தைக்கூட முழுதாகக் கழிக்க முடியவில்லை, விற்றுவிட்டேன். அந்த முதல் படகில் நான் பார்க்கத் தவறியதை நீங்கள் தவறவிடக்கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, நானும் மனைவியும் படகுக்கே குடிபோகலாம் என்றிருக்கிறோம். எத்தனை அடி வேண்டும்? 40 அடிக்குக் குறைந்தால் கஷ்டம் என்கிறார்களே?

இரண்டு பேருக்கு 30 முதல் 35 அடி தாராளம். 30 அடிப் படகைவிட 40 அடிப் படகு நீளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அதிகம். ஆனால் அகலமும் ஆழமும் சேர்ந்து வளர்வதால் எடை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அந்த எடையை இழுக்கப் பெரிய பாய் வேண்டும், பிடித்து நிறுத்தக் கனமான நங்கூரமும் சங்கிலியும் வேண்டும், எஞ்சினும் பெரிதாக வேண்டும். துறையில் கட்டிவைக்கும் வாடகையையும் பெரும்பாலும் அடிக்கணக்கில்தான் வாங்குவார்கள். லின் பார்டே, லாரி பார்டே என்ற கடலோடித் தம்பதி தாங்களே கட்டி 1968-இல் தண்ணீரில் இறக்கிய செராஃபின் படகின் நீளம் 24 அடி 4 அங்குலம். அதில் எஞ்சினே கிடையாது. அதில்தான் உலகத்தைச் சுற்றி வந்தார்கள். உங்களையும் அந்த அளவுக்குச் சுருங்கச் சொல்லவில்லை. படகு சின்னதாக இருப்பதால் மட்டும் வாழ்க்கை கஷ்டமாகிவிடாது, அவ்வளவுதான்.

அடிக்கணக்கைவிட உள்ளமைப்பைப் பாருங்கள். இரண்டு பேரும் படுக்கையில் நீட்டிப் படுங்கள். ஒருவர் அடுப்புக்கு முன்னால் நிற்கும்போது மற்றவர் தாண்டிப் போக முடிகிறதா? கழிப்பறைக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்த முடிகிறதா? உங்களில் உயரமானவர் தலை இடிக்காமல் நிற்கிறாரா? விற்கிறவர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி: படகைப் பார்க்கப் போகிறேன். எனக்கு ஒன்றும் தெரியாது. முதலில் எதைப் பார்ப்பது?

மூக்கை நம்புங்கள். படியிறங்கி உள்ளே போனதும் ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். பூஞ்சை வாடை, டீசல் வாடை, கழிவு வாடை மூன்றும் தனித்தனியாகத் தெரியும். பூஞ்சை வாடை வந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். மெத்தைகளைத் தூக்குங்கள், அலமாரிகளின் மூலைக்குள் கைவிட்டுப் பாருங்கள். ஜன்னலுக்குக் கீழே பழுப்புக் கோடு இறங்கியிருந்தால் அங்கே ஒழுகுகிறது. முடிந்தால் மழை நாளில் போங்கள்.

அப்புறம் டெக், அதாவது படகின் மேல்தளம். பெரும்பாலான ஃபைபர்கிளாஸ் படகுகளில் டெக் ஒரே தகடாக இருக்காது. மேலும் கீழும் ஃபைபர், நடுவில் பால்சா மரமோ பிளைவுட்டோ இருக்கும். கைப்பிடிக் கம்பி, கயிறு இழுக்கும் வின்ச், எதைப் பொருத்தினாலும் டெக்கில் ஓட்டை போடத்தான் வேண்டும். அந்த ஓட்டையின் அடைப்பு தேய்ந்தால் தண்ணீர் நடு மரத்துக்குள் இறங்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே அழுகிக்கொண்டிருக்கும். என் முதல் படகில் இதுதான் நடந்தது. ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் தட்டிக்கொண்டே போனபோது ‘டக், டக்’ என்று வந்த சத்தம், பாய்மரத்தின் அடியை ஒட்டி இரண்டு சாண் அகலத்துக்கு ‘தொப்’ என்று மாறியது. மேல் ஃபைபரை அறுத்துத் திறந்தால் உள்ளே மரம் இல்லை, கறுப்பான கூழ்தான் இருந்தது. ஸ்பூனால் வழித்து எடுத்தோம். வாங்குவதற்கு முன்னால் பத்து நிமிடம் தட்டிப் பார்த்திருந்தால் போதும்.

கேள்வி: முழுநீளக் கீலா, துடுப்பு மாதிரி குறுகிய கீலா?

கீல் என்பது படகு கவிழாமல் இருக்க அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான பகுதி. முழுநீளக் கீல் அலையில் நிதானமாகப் போகும், கயிறும் வலையும் அவ்வளவாகச் சிக்காது. ஆனால் துறைக்குள் பின்னால் ஓட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். குறுகிய கீல் சட்டென்று திரும்பும், காற்றை எதிர்த்து நன்றாக ஏறும். குடியிருக்க இரண்டும் சரிதான்.

போல்ட் போட்டுப் பொருத்திய கீல் என்றால் மட்டும், படகு எப்போதாவது தரைதட்டியதா, அப்புறம் என்ன பழுது பார்த்தார்கள் என்று நேராகக் கேளுங்கள். 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் சீக்கி ராஃபிகி என்ற படகின் கீல் கழன்று, அதிலிருந்த நான்கு பேரையும் இழந்தோம். முன்பு தரைதட்டியதும் அதற்குப் பிறகு நடந்த பழுதுபார்ப்பும் பிடிமானத்தைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்று பிரிட்டனின் விசாரணை அறிக்கை சொன்னது. கீலும் அடிப்பகுதியும் சேரும் இடத்தில் வெடிப்போ துருக்கோடோ தெரிந்தால் சர்வேயர் (படகைப் பரிசோதித்து நிலையைச் சொல்லும் நிபுணர்) பார்க்காமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வருவதற்கு முன்னால் எஞ்சினை ஓட்டிவைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். டீசல் எஞ்சினின் குணம் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போதுதான் தெரியும். ஓடும்போது புகைக்குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு நன்றாகத் துப்ப வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் புகை வந்தால் பரவாயில்லை, சூடான பிறகும் கறுப்பாகவோ நீலமாகவோ வந்தால் யோசியுங்கள். செயில்டிரைவ் (எஞ்சினிலிருந்து படகின் அடி வழியாக நேராகக் கீழே இறங்கி ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் அமைப்பு) இருந்தால் அடியிலுள்ள ரப்பர் டயஃப்ரம் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். அதைத் தயாரிக்கும் வோல்வோ பென்டா நிறுவனம் 7 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. அது கிழிந்தால் கடல் நேராக உள்ளே வரும்.

கேள்வி: பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் 18 வருடப் பழசு. ‘புதுசு மாதிரி இருக்கு’ என்கிறார் விற்பவர்.

மாற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஸ்டெயின்லெஸ் கம்பி வெளியே மின்னும், முனையில் பிடித்திருக்கும் உறைக்குள் அரித்திருக்கும். 10 முதல் 15 வருடத்தில் மாற்றுவதுதான் பொதுவான வழக்கம்.

கேள்வி: சேமிப்பு முழுவதையும் போட்டால் ஒரு நல்ல 38 அடிப் படகு கிடைக்கும். போடலாமா?

வேண்டாம். மூன்றில் ஒரு பங்கையாவது தனியாக வையுங்கள். முதல் வருடத்திலேயே பேட்டரி, கயிறு, பம்பு, படகின் அடிப்பாகத்துக்குப் பெயின்ட் என்று வரிசையாக வரும். சர்வேயரை நீங்களே தேடிப் பிடியுங்கள், விற்பவர் கைகாட்டுகிறவர் வேண்டாம். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, இது பலருக்கும் தெரிவதில்லை: எல்லாப் படகுத்துறையிலும் குடியிருக்க விடமாட்டார்கள். அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகு படகை வாங்குங்கள்.

கேள்வி: கட்டமரான், அதாவது இரட்டை உடல் படகு, இன்னும் வசதி இல்லையா?

இடம் நிறைய, சாயாது. ஆனால் விலையும் துறை வாடகையும் அதிகம். முதல் படகுக்கு நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: எங்களுக்கு நான்கு வயதுக் குழந்தை. பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் உங்களுக்கு நல்லதுதான் செய்யும். சுற்றிலும் கைப்பிடிக் கம்பிகளில் வலை கட்டுங்கள். டெக்கில் ஏறினால் லைஃப் ஜாக்கெட், அதில் விதிவிலக்கே கூடாது. ஆனால் குழந்தை தண்ணீரில் விழுவதைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறோம், கேஸைப் பற்றி யோசிப்பதில்லை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவு வழியாக வெளியேற வாய்ப்புண்டு, படகில் அடிக்குழியில் போய்த் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சிலிண்டர், வெளியே வடிகால் உள்ள தனிப் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கேபினுக்குள் சிலிண்டர் வைத்த படகென்றால், அதை மாற்றாமல் குழந்தையை ஓர் இரவுகூட அதில் தூங்கவைக்காதீர்கள். கேஸ் கசிவுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் தனித்தனி அலாரம் வேண்டும்.

கேள்வி: எல்லாம் பார்த்தாச்சு, படகு பிடித்துவிட்டது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கடைசியாக ஏதாவது?

ஓர் இரவு தங்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். விற்கிறவர்களில் பலர் சம்மதிப்பார்கள். உள்ளேயே சமையுங்கள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் தூங்குங்கள். உங்கள் மூச்சின் ஈரமே குளிர்ந்த சுவர்களில் தண்ணீராக இறங்கும். காலையில் எழுந்ததும் மெத்தையைத் தூக்கி அடியைத் தடவிப் பாருங்கள். லேசான ஈரம் என்றால் பலகைச் சட்டம் போட்டுக் காற்று போக வழி செய்தால் சரியாகிவிடும். சொட்டச் சொட்ட நனைந்திருந்தால், வேறு படகு பாருங்கள்.