நானோ சீரம், நானோ சன்ஸ்கிரீன்லாம் நிஜமாவே தோலுக்குள்ள போகுமா?

கேட்டவங்க பாசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தையில, 'நானோ வைட்டமின் சி' சீரம் ஒன்னு 90 வெள்ளினு (ரிங்கிட்) பாத்திருக்காங்க, வாங்கலாமானு கேக்கறாங்க. நான் மலேசியாவுல பினாங்குல பார்மசியில பத்து வருஷமா வேலை பாக்கறேன், இதே கேள்வி அடிக்கடி வரும், அதனால கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன்.

தோலோட மேல் அடுக்கு செத்த செல்லுங்கதான், செங்கல் அடுக்கி நடுவுல கொழுப்ப சாந்தா பூசின சுவர் மாதிரி. காகிதத்த விட மெலிசு, ஆனா அத தாண்டறது லேசுல நடக்காது, மூலக்கூறு 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடைய அளக்கற அலகு) மேல எடை இருந்தா பொதுவா நுழையவே முடியாது. வைட்டமின் சி வெறும் 176தான், ஆனா தண்ணியில கரையிறது, அதனால கொழுப்பு சாந்து அத லேசுல உள்ள விடாது. அதோட காத்து, வெளிச்சம், சூடு எது பட்டாலும் கெட்டுப்போயிடும். எங்க அக்கா ஒரு பாட்டில காருக்குள்ளயே வச்சிருந்து அது தே ஓ (பால் ஊத்தாத டீ) கலருக்கு வந்துருச்சு, காசு போட்டு வாங்கினதுனு அதயே பூசிக்கிட்டு இருந்தாங்க, பதறிப்போயி தூக்கிப் போட வச்சேன்.

நானோ, அதாவது ரொம்ப ரொம்ப பொடியா செய்யற முறை, கைகொடுக்கறது இங்கதான். லெசித்தின் மாதிரி கொழுப்புல கண்ணுக்கே தெரியாத உருண்டை செஞ்சு சரக்க, அதாவது வைட்டமின் சி மாதிரி மருந்த, உள்ள அடைச்சிடறாங்க, அதான் லிப்போசோம், 1960கள்ல இங்கிலாந்துல பாங்ஹாம்ங்கற விஞ்ஞானி கண்டுபிடிச்சது, 1986ல டியோர்ங்கற பிரெஞ்சு கம்பெனி அத கிரீம்ல போட்டு வித்தாங்க. சரக்கு சீக்கிரம் கெடாது, தோல் கொழுப்போடயும் ஒத்துப்போகும். ஆனா சாதா லிப்போசோம் பெரும்பாலும் மேல் அடுக்குலயே நின்னுடும், நெளிஞ்சு நுழையிற மாதிரி செஞ்சதுதான் இன்னும் கொஞ்சம் ஆழம் போகும்.

சன்ஸ்கிரீன் கதை தலைகீழ், அது உள்ள போகவே கூடாது. பழைய சிங்க் ஆக்சைடு கிரீம் நம்ம கலருக்கு விபூதி அப்பின மாதிரி தெரியும், அதுக்கு கூச்சப்பட்டே நம்ம பிள்ளைங்க பூசாம தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை முருகன் கோயில் வெயில்ல நாள் முழுக்க நிக்குதுங்க, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும். துகள 100 நானோமீட்டருக்கும் (ஒரு மில்லிமீட்டர பத்து லட்சமா பிரிச்சா ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) கீழ பொடியாக்கினா அந்த வெள்ளை போயிடும், காயமில்லாத தோல்ல அது செத்த அடுக்கோட நின்னுடும், பயப்படாம பூசலாம். ஸ்ப்ரே மட்டும் வேணாங்க, மூச்சுல போயிடும்.

அந்த சீரத்துக்கு என்.பி.ஆர்.ஏ (மருந்து, அழகுப் பொருள கண்காணிக்கற மலேசிய அரசு அமைப்பு) நோட்டிபிகேஷன் எண் கேளுங்க, என்.ஓ.டி-னு ஆரம்பிக்கும், அவங்க வெப்சைட்லயே தேடலாம், வரலனா வாங்கவே வாங்காதீங்க, இங்க பாதரசம் கலந்த கிரீம்லாம் பிடிபட்டிருக்கு. எண் சரியா இருந்தாலும் வெளிச்சம் உள்ள போற நிறமில்லாத கண்ணாடி பாட்டில்ல, சூட்டுல அடுக்கி வச்சிருந்தா வேணாம். என்னைக் கேட்டா அந்த 90 வெள்ளியில முதல்ல நல்ல சன்ஸ்கிரீன் ஒன்னு வாங்குங்க, சீரம் அடுத்த மாசம் பாத்துக்கலாம்.